யாங்கூன் வெக்கையில் ஒரு கணப்பு

யாங்கூனில் வீடு கட்டுகிறவர்கள் காற்று எந்தப் பக்கம் வரும், ஜெனரேட்டரை எங்கே வைப்பது, மழைக்காலத்தில் தெருத் தண்ணீர் உள்ளே வராதபடி தரையை எவ்வளவு உயர்த்துவது என்று யோசிப்பார்கள். என் வீட்டுக்காரர் கணப்பு வேண்டும் என்றார். கூடத்துச் சுவரோடு சேர்த்துக் கட்டி, கூரைக்கு மேலே புகைக்கூண்டு வைத்து, விறகு எரித்துக் குளிர் காய்கிற கணப்பு. வருஷத்தில் முக்கால்வாசி நாள் முதுகில் வியர்வை காயாத ஊரில்!

நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். ஏன், அப்படியே கூடத்தில் கொஞ்சம் பனியும் கொட்டச் சொல்லலாமே என்றேன். அவர் சிரிக்கவில்லை. சரி என்று உடனே ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொண்டதற்கு எனக்கு ஒரு காரணம் இருந்தது.

கல்யாணமானதிலிருந்து நாங்கள் யாங்கூனின் லான்மடா வட்டாரத்தில், குடும்பக் கடைக்கு மேலே இருந்த ஃப்ளாட்டில் இருந்தோம். அவருடைய அண்ணன், அண்ணி, அவர்கள் பிள்ளைகள், நாங்கள், எங்கள் மகள் எல்லோரும் ஒரே கூரையின் கீழ். கடையில் உருளைக்கிழங்கு, பூண்டு, மலைத் தேயிலை மொத்த வியாபாரம். கலோவுக்குப் போய்ச் சரக்குப் பிடித்து அனுப்புவது அவர் வேலை. மாதத்தில் பாதி நாள் அந்த மலை ஊரில், மீதி நாள் இங்கே. இங்கே இருக்கிற நாளிலும் சாப்பிட்டுக் கை கழுவினால் படியிறங்கிவிடுவார். அவரோடு தனியாக நாலு வார்த்தை பேச வேண்டுமென்றால், கதவுக்கு வெளியே அண்ணியின் செருப்புச் சத்தம் கேட்கிறதா என்று பார்த்துத்தான் பேச வேண்டும்.

மகள் நர்ஸ் வேலைக்குச் சிங்கப்பூர் போன பிறகு எனக்கு அந்த ஃப்ளாட் தாங்கவில்லை. நான் பள்ளிக்கூட டீச்சர். நகரத்தின் கிழக்கே தின்கன்ஜூனில் இருக்கிற பள்ளிக்கு தினமும் பஸ்ஸில் போய் வருவேன். அந்தப் பள்ளிக்குப் பக்கத்துத் தெருவில் பழைய வீட்டோடு ஒரு மனை விலைக்கு வந்தபோது ஒற்றைக்காலில் நின்று வாங்க வைத்தேன். தனி வீடு வந்தால் இந்த மனிதர் வீட்டில் தங்குவார் என்று நம்பினேன். சாயங்காலம் ஒரு கோப்பை டீயோடு என் எதிரில் உட்காருவார் என்று. ஐம்பது வயதை நெருங்குகிற ஒருத்திக்கு இது பேராசை இல்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

ஆனால் வீட்டு வேலை தொடங்கியபோது எதைக் கேட்டாலும் அவருக்கு ஒரே பதில், உன் இஷ்டம். தரைக்கு என்ன கல்? உன் இஷ்டம். மாடிக்குக் கண்ணாடிச் சுவரா, செங்கலா? உன் இஷ்டம். எனக்குக் கோபம் சட்டென்று வரும். யாருக்கு வந்த விருந்தோ என்று இருக்கிறீர்களே என்று கத்தியிருக்கிறேன். அப்படிப்பட்டவர் வாய் திறந்து கேட்ட ஒரே பொருள் கணப்பு. அதன் முன்னால் உட்காரத்தானே கேட்கிறார், உட்காரட்டும் என்று நினைத்தேன். அவர் உட்கார்வதாக இருந்தால் நடுக்கூடத்தில் சூளையே போட்டிருப்பேன்.

வீட்டை வரைந்து கொடுத்த டிசைனர் ஒரு பர்மியப் பெண். வெளிநாட்டில் படித்தவள். வாடிக்கையாளர் எதைச் சொன்னாலும் முகம் மாறாமல் கேட்கிற பயிற்சி அவளுக்கு இருந்தது. டேப்லெட்டை எங்கள் முன்னால் வைத்து ஒவ்வொன்றாகக் காட்டினாள். கரண்டில் ஓடும், தீ மாதிரி வெளிச்சம் மட்டும் காட்டும் ஒன்று. ஸ்பிரிட் ஊற்றி எரிக்கிற, புகையில்லாத ஒன்று. கண்ணாடிக் கதவு போட்டு இரும்புப் பெட்டியாகவே கப்பலில் வருகிற ஒன்று. யாங்கூனுக்கு முதலாவது போதும், கரண்ட் இருக்கிற நேரத்தில் அழகாக இருக்கும் என்றாள். எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது.

அவர் தலையை ஆட்டி மறுத்துவிட்டுப் பேச ஆரம்பித்தார். விறகுதான் வேண்டும். வாய் அகலமாக இருக்கலாம், ஆழம் கூடாது, ஆழமாக இருந்தால் சூடெல்லாம் உள்ளேயே நின்றுவிடும். பக்கச் சுவர் இரண்டும் கதவு திறந்த மாதிரி வெளிப்பக்கம் விரிய வேண்டும். பின்சுவர் மேலே போகப் போக முன்னால் சாய வேண்டும். கழுத்து குறுக வேண்டும், கழுத்தில் இழுத்து மூடுகிற இரும்புத் தகடு வேண்டும், இல்லாவிட்டால் மழைக்காலத்தில் குளவியும் சாரலும் அந்த வழியாக இறங்கும். உள்ளே சூளைக்குப் போடுகிற செங்கல், சாதாரணக் கல் வெடிக்கும். புகைக்கூண்டு கூரை முகட்டைவிட உயரமாக நிற்க வேண்டும். இத்தனையையும் கை இரண்டையும் ஆட்டி ஆட்டிச் சொன்னார். டிசைனர் பெண் எழுதிக்கொண்டே வந்தாள். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு பேசுவாரா இந்த மனிதர்!

கலோவில் வெள்ளைக்காரன் காலத்து வீடுகள் நிறைய உண்டு, வீட்டுக்கு வீடு கணப்பும் உண்டு என்று எல்லோருக்கும் தெரியும். சரக்கு வாங்கப் போகிற இடத்தில் பார்த்துப் பழகியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. ஸ்டாஃப் ரூமில் சொல்லிப் பீற்றிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு இரண்டு மூன்று மாதம், சொன்னால் நம்பமாட்டீர்கள், நான் சந்தோஷமாக இருந்தேன். கலோவிலிருந்து வந்தால் சாப்பிட்டுவிட்டுக் கடைக்கு இறங்காமல் என் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். ஃபோனில் படம் படமாகப் பார்ப்போம். எனக்கு வெள்ளை மார்பிள் ஆசை. டிசைனருக்குக் கறுப்பு இரும்பு ஆசை. அவருக்குப் பூசாத செங்கல்தான். மூன்று பேரும் இழுத்து, கடைசியில் வாயைச் சுற்றிச் செங்கல், அடியில் சாம்பல் நிறக் கல், மேலே மனையில் இடித்த பழைய வீட்டிலிருந்து எடுத்த தேக்கு உத்தரத்தை இழைத்து ஒரு பலகை என்று முடிந்தது. பலகை நெருப்புக்கு ஒரு கை நீளமாவது மேலே இருக்க வேண்டும் என்று அதையும் அவரே அளந்து சொன்னார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒன்றைப் பற்றி அவ்வளவு நாள் பேசியதில்லை. ஒரு தடவை பேச்சு வாக்கில் என் தோளில் கை போட்டார். படத்தைப் பெரிதாக்கிக் காட்டத்தான். இருந்தாலும் கை அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது.

முன்னால் கம்பித் தட்டி ஒன்றும் பதிக்கச் சொன்னார். கழற்ற முடியாதபடி, கொக்கி போட்ட கதவோடு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சின்னப் பிள்ளைகள் கை வைத்துவிடும் என்றார். எங்கள் வீட்டில் சின்னப் பிள்ளை எங்கே இருக்கிறது? மகளுக்கு இனிமேல்தான் கல்யாணம் ஆக வேண்டும். அன்றைக்கே சிங்கப்பூருக்கு வீடியோ கால் போட்டு, உங்க அப்பா பேரப்பிள்ளைக்குத் தட்டி கட்டுகிறார், சீக்கிரம் மாப்பிள்ளை பார் என்று கேலி செய்தேன். அவள் வெட்கப்பட்டாள். அவர் எழுந்து முகம் கழுவப் போனார்.

கணப்பை எந்த மூலையில் வைப்பது என்று வந்தபோது அண்ணி உள்ளே புகுந்தார். எங்கே எது நடந்தாலும் அவருக்கு மூக்கில் வேர்த்துவிடும். நெருப்பு என்றால் அக்னி மூலை, தென்கிழக்கு, வேறு பேச்சே கிடையாது என்றார். கொத்தனாரும் வீட்டுக்காரர் பிறந்த கிழமையைக் கேட்டார். செவ்வாய் என்றதும் அவருக்கு முகம் மலர்ந்தது. பர்மியக் கணக்கில் செவ்வாய்க்கிழமைக்குத் தென்கிழக்குதான் திசை. இரண்டு சாதி சாஸ்திரமும் ஒரே மூலையைக் காட்டியதில் எல்லோருக்கும் திருப்தி. அங்கே வர வேண்டிய சமையலறை வடமேற்குக்கு நகர்ந்தது.

அங்கேதான் தவறு நுழைந்தது. எங்கள் பக்கத்தில் புது வீட்டுக்குள் போகும்போது முதல் நெருப்பில் பால் காய்ச்சிப் பொங்க விடுவது வழக்கம். அந்த அடுப்பு அக்னி மூலையில் இருக்க வேண்டும். அக்னி மூலையில் இப்போது சமையலறை இல்லை, கணப்பு இருக்கிறது. அதனால் பாலைக் கணப்பில்தான் காய்ச்ச வேண்டும் என்று அண்ணி தீர்ப்புச் சொன்னார். புதுச் செங்கல் ஈரம், முதலில் கொஞ்ச நாள் சின்னச் சின்னதாக எரித்துக் காயவிட வேண்டும் என்று கொத்தனார் சொல்லிப் பார்த்தார். முகூர்த்தம் காத்திருக்குமா?

தை பிறந்த பிறகு ஒரு நாள், காலை முகூர்த்தம். உறவுக்காரர்கள், கோயில் குருக்கள், என்னோடு வேலை செய்கிற டீச்சர்கள் எல்லோரும் கூடத்தில் நின்றார்கள். முந்தின நாள்தான் கலோவிலிருந்து வந்திருந்த என் வீட்டுக்காரர், வாசலில் வந்தவர்களை வரவேற்றுக்கொண்டிருந்தார். அண்ணி தட்டிக் கதவைத் திறந்து, கணப்புக்குள் மூன்று செங்கல்லைக் கூட்டி, புதுப் பானையை ஏற்றி, கோயிலிலிருந்து கொண்டுவந்த மாங்கட்டையை அடுக்கினார். ஈரக் கட்டை. நான் சூடத்தை வைத்துப் பற்ற வைத்தேன். தீ பிடித்த மாதிரி இருந்தது. அடுத்த நிமிஷம் புகை முழுவதும் கூடத்துக்குள் திரும்பியது. குருக்கள் மந்திரத்தை விட்டுவிட்டு இருமினார். டீச்சர்கள் கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்தினார்கள். "யாதே, யாதே, ஒண்ணும் ஆவாது" என்று அண்ணி எல்லோரையும் சமாதானப்படுத்திக்கொண்டே தன் கண்ணைக் கசக்கினார்.

வாசலிலிருந்து என் வீட்டுக்காரர் உள்ளே வந்தார். பட்டு வேட்டியோடு மண்டியிட்டு உட்கார்ந்தார். பானையை இறக்கி வைத்தார், புகைகிற கட்டைகளை இழுத்து ஒரு தட்டில் போட்டார், கையை உள்ளே விட்டுக் கழுத்திலிருந்த தகட்டைத் தள்ளித் திறந்தார். அது மூடியிருந்தது எங்களுக்குத் தெரியாது. செய்தித்தாளை முறுக்கிக் கொளுத்தி, அடியில் வைக்காமல் கழுத்துக்குள் தூக்கிப் பிடித்தார். மேலே காற்று உறுமுகிற சத்தம் கேட்கும்வரை பிடித்திருந்தார். பிறகு, தான் கொண்டுவந்திருந்த பிசின் ஊறிய பைன் குச்சிகளைக் குறுக்கும் நெடுக்கும் வைத்து, ஜன்னலை ஒரு விரல்கடை திறக்கச் சொல்லிவிட்டு ஊதினார். புகை தலையைக் குனிந்து உள்ளே போய்விட்டது. எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

அண்ணிக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "அடுப்பங்கரைப் பக்கம் எட்டிக்கூடப் பாக்கமாட்டீங்களே தம்பி, இதெல்லாம் எங்க கத்துக்கிட்டீங்க?" என்றார்.

அவர் ஊதிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், எப்போதும் சொல்கிற ஒன்றைச் சொல்வது போலச் சொன்னார். "வீட்ல தெனம் காலையில நாந்தான அண்ணி பத்த வெக்கிறேன்."

லான்மடாவில் எங்களுக்குக் கேஸ் அடுப்பு. கரண்ட் இருந்தால் குக்கர். தீப்பெட்டி எந்த அலமாரியில் இருக்கிறது என்பதுகூட அவருக்குத் தெரியாது.

அவர் ஊதுவதை நிறுத்தினார். முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. அந்த முதுகு அப்படியே நின்றது. அண்ணி என்னைப் பார்த்தார், பிறகு சட்டென்று குனிந்து பானையைத் தூக்கி வைத்தார். பால் பொங்கியது. பெண்கள் குலவை போட்டார்கள். மகள் சிங்கப்பூரிலிருந்து வீடியோ காலில் கைதட்டிக்கொண்டிருந்தாள். கம்பித் தட்டியின் அடிவரை பால் வழிவதைப் பார்த்தபோதுதான், அது எந்தப் பிள்ளையின் கை நினைவில் கட்டப்பட்டது என்று எனக்குப் புரிந்தது. எல்லோருக்கும் டம்ளரில் பால் ஊற்றி, சிரித்த முகமாகக் கொடுத்தேன். எனக்கு நான் ஊற்றிக்கொள்ளவில்லை.

எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு, மத்தியானம், கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன். அவர் மறைக்கவில்லை. மறைத்திருந்தால் எனக்குக் கத்துவதற்காவது ஒரு காரணம் கிடைத்திருக்கும். கலோ ஊர்ப் பெண் ஒருத்தி. சரக்கு வாங்கப் போகும்போது தங்குகிற வீட்டுக்காரி. ஒரு பெண் குழந்தை, பள்ளிக்கூடம் போகிறது. எல்லாவற்றையும் தரையைப் பார்த்துச் சொன்னார். நான் கத்தினேன். என்னென்ன கத்தினேன் என்று எழுத வரவில்லை. குரல் போன பிறகு, அப்படியென்றால் இந்தக் கணப்பை எதற்கு என் வீட்டில் கட்டினீர்கள், அங்கே இருப்பது போதாதா என்று கேட்டேன்.

"அங்க சாயங்காலம் நெருப்பு முன்னாடி மூணு பேரும் சும்மா உக்காந்திருப்போம்" என்றார். "உங்கூட அப்படி ஒரு நாளும் உக்காந்ததில்லன்னு தோணிச்சு. அதான்."

பொய் சொல்லி ஏமாற்றியவரைத் திட்டத் தெரியும். தான் சந்தோஷமாக இருந்த இடத்தைப் பெயர்த்துக்கொண்டு வந்து எனக்கும் கொஞ்சம் கொடுக்கப் பார்த்த மனிதரை என்ன சொல்லித் திட்டுவது? அத்தனை மாதம் என் பக்கத்தில் உட்கார்ந்து படம் பார்த்தபோது அவர் பார்த்ததெல்லாம் அந்த வீட்டைத்தான். நான் பக்கத்தில் இருந்தேன், அவ்வளவுதான்.

இரண்டில் ஒன்று என்றேன். அவர் என்னைத் தேர்ந்தெடுத்தார். அப்படித்தான் அண்ணி ஊரெல்லாம் சொன்னார், தம்பி நல்ல முடிவாக எடுத்துவிட்டார் என்று. மலைக்குப் போகிற வேலையை அண்ணன் மகனிடம் விட்டார். மாதாமாதம் குழந்தைக்குப் பணம் போகட்டும் என்று நானே சொன்னேன். அந்தப் பெண் சண்டைக்கு வரவில்லை. அதனால் எனக்கு அவளை வெறுக்கவும் வசதியில்லாமல் போயிற்று.

நான் ஆசைப்பட்டது அப்படியே நடந்தது. பள்ளி விட்டு வந்தால் அவர் வீட்டில் இருந்தார். டீ போட்டு எதிரில் வைத்தால் குடித்தார். சித்திரை வெயிலில் கரண்ட் போய், விசிறியும் ஓடாமல், இரண்டு பேரும் அந்த எரியாத கணப்பின் முன்னால் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். என் வகுப்பில் யார் என்ன சேட்டை செய்தார்கள் என்று சொல்வேன். உம் கொட்டுவார். சரியான இடத்தில்தான் கொட்டுவார், குறை சொல்ல முடியாது. மழைக்காலம் வந்தது, அப்போதும் இருந்தார். இளைத்துப்போனார். நான் சமைப்பதில் உப்பு குறைந்தாலும் கூடினாலும் நன்றாக இருக்கிறது என்றார்.

ஒரு நாள் நான் பள்ளியிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டேன். பின்பக்கப் படியில் உட்கார்ந்து ஃபோனில் பேசிக்கொண்டிருந்தார். ஸ்பீக்கரில் குழந்தைக் குரல், ஃபேஃபே, ஃபேஃபே என்று அப்பாவைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு என்னவோ கதை சொன்னது. அவர் பர்மிய மொழியில் பதில் சொன்னார், இடையில் சிரித்தார். எங்கள் மகள் சின்னவளாக இருந்தபோதுகூட அந்தக் குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை. அந்த நாளில் அவர் எப்போதும் கடையில்தான் இருந்தார். எப்போது வருவாய் என்று அது கேட்டது. அது திரும்பவும் கேட்டது. ஃபோனை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, இடுப்பில் கட்டியிருந்த லோஞ்சியின் தலைப்பால் முகத்தைத் துடைத்தார்.

நான் சத்தம் செய்யாமல் வாசல் பக்கமாகவே திரும்பிப் போனேன். தெருமுனை டீக்கடையில் போய் உட்கார்ந்தேன். எனக்கு அவர் மேல் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அந்தக் குழந்தை மேல் வந்திருக்க வேண்டும், அதுவும் வரவில்லை. என்னை நினைத்துத்தான் பாவமாக இருந்தது. இத்தனை பாடுபட்டு, வீடு கட்டி, நான் பிடித்து வைத்திருப்பது இன்னொரு வீட்டை நினைத்து அழுகிற ஒரு ஆளை. இப்படியே இருந்துவிடலாம், ஊரும் நம் பக்கம்தான் பேசுகிறது, என்று ஒரு மனம் சொன்னது. அவர் முகம் துடைத்ததைப் பார்த்த பிறகு என்னால் முடியாது என்று தெரிந்துவிட்டது.

கார்த்திகையில் மழை சுத்தமாக விட்டு, காலையில் லேசாகச் சிலுசிலுக்க ஆரம்பித்தபோது சொன்னேன். டிக்கெட்டை முன்பே எடுத்து வைத்திருந்தேன். டீக் கோப்பையை அவர் முன்னால் வைத்துவிட்டு, நிற்காமல் சொன்னேன், நின்றால் சொல்லமாட்டேன் என்று பயம்.

"கலோவுக்குப் போயிட்டு வாங்க. வரணும்னு இல்ல. அங்க இப்ப குளிர ஆரம்பிச்சிருக்கும்."

அவர் வேண்டாம் என்று சொல்வார் என்று, இவ்வளவுக்குப் பிறகும், எதிர்பார்த்தேன். அவர் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சரி என்று தலையை மட்டும் அசைத்தார்.

பெட்டியை நானே கட்டுகிறேன் என்றேன். இத்தனை வருஷமும் அவர் பெட்டியை அவர்தான் கட்டுவார், கையில் பிடித்துக்கொள்கிற சின்னப் பை, அதை நான் திறந்து பார்த்ததே இல்லை. மலைக்குளிருக்குப் போகிற மனிதருக்குக் கனமான துணியை எடுத்து வைப்போம் என்று அலமாரியைத் திறந்தேன். மேல் தட்டு, கீழ்த் தட்டு, மாடியில் இருந்த பழைய டிரங்குப் பெட்டி எல்லாம் தேடினேன். ஒரு ஸ்வெட்டர் இல்லை. ஒரு குல்லா, ஒரு சால்வை, ஒரு ஜோடி காலுறை, எதுவும் இல்லை. அவருடைய கம்பளித் துணி எல்லாம் எப்போதும் அங்கேதான் இருந்திருக்கின்றன. நான் துவைத்ததும் இல்லை, வெயிலில் காயப் போட்டதும் இல்லை, இல்லையே என்று கவனித்ததும் இல்லை. அலமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு சத்தம் வராமல் அழுதேன். பிறகு இருந்த மெல்லிய சட்டைகளை மடித்துப் பைக்குள் வைத்தேன்.